ஆஞ்சப்பனின் கைராசி

"ஒகட்டி... ரெண்டு..." என்று வாய்விட்டு எண்ணியபடி ஆஞ்சப்பன் சாவியைச் சுற்றுகிறார். பூட்டுச் சாவி இல்லை இது. ஆளுயர இரும்புக் கம்பி; தலையில் இரண்டு கையாலும் பிடித்துச் சுற்றக் குறுக்குப் பிடி; அடியில் ஒரு சதுரக் குழி. தரைக்குக் கீழே நாலடி ஆழத்தில் இருக்கும் வால்வின் தலையில் அந்தச் சதுரக் குழி போய்ச் சரியாக உட்கார்ந்தால்தான் பிடி நகரும். மணி காலை ஐந்தேகால். மெயின் ரோட்டில் ஓசூர் கம்பெனி பஸ்கள் ஷிப்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு ஹாரன் அடிக்கின்றன. பன்னிரண்டு சுற்று முடிந்ததும் நிறுத்திவிட்டுக் கைப்பிடியில் காதை வைப்பார். கீழே தண்ணீர் சீறுகிற சத்தம் கம்பி வழியாக ஏறிவரும். அதைக் கேட்ட பிறகுதான் அவர் முகத்தில் அன்றைக்கு உண்டான ரத்தம் ஓடும்.

ஊரில் தமிழ் பேசுவார். மாட்டைக் கன்னடத்தில் அதட்டுவார். எண்ணுவது மட்டும் தெலுங்கில்தான். "எங்கம்மா சொல்லிக் குடுத்த எண்ணிக்கைங்க. வேற பாஷையில எண்ணுனா நடுவுல ஒண்ணு காணாமப் போயிரும்" என்பார். திறக்கும்போது ஒன்றிலிருந்து ஏற்றி எண்ணுவார். முக்கால் மணி நேரம் கழித்து மூடும்போது பன்னிரண்டிலிருந்து இறக்கி எண்ணுவார். அப்படி எண்ணினால்தான் மண்ணுக்குள் இருக்கும் வால்வு எந்த நிலையில் நிற்கிறது என்பது மேலே நிற்கிறவனுக்குத் தெரியுமாம்.

வால்வின் முழுக் கணக்கு இருபத்து நாலு சுற்று. ஆனால் அவர் பாதிதான் திறப்பார். முழுவதும் திறந்தால் ஊருக்குத் தண்ணீர் கொட்டும், ஊருக்கும் கம்பெனிகளுக்கும் பொதுவான பெரிய தொட்டியில் மட்டம் இறங்கிவிடும், அடுத்து கம்பெனிக்காரர்கள் போன் போடுவார்கள். போன் என்றால் ஆஞ்சப்பனுக்கு ஆகாது. அதனால் பன்னிரண்டோடு நிறுத்திக்கொள்வார். "பாதி தொறந்த வால்வுதாங்க கத்தும்" என்பது அவர் கண்ட சாத்திரம். "முழுசா மூடிட்டாலும் சத்தமில்ல, முழுசா தொறந்துட்டாலும் சத்தமில்ல. நடுவுல நிக்குறதுதான் உஸ்ஸு உஸ்ஸுன்னு கெடந்து துடிக்கும்." இதைச் சொல்லும்போது அவரே நடுவில் நிற்கிற ஆள் மாதிரி ஒரு பெருமூச்சு விடுவார்.

வயது ஐம்பத்து மூன்று. காக்கிச் சட்டை. பழைய மொபெட்டின் பக்கவாட்டில் கயிறு போட்டுச் சாவியைக் கட்டியிருப்பார். பின்னால் வருகிறவன் கண்ணைக் குத்திவிடக் கூடாதென்று அதன் முனையில் ஒரு சிவப்புத் துணி. வண்டியை நிறுத்திவிட்டுக் குழிக்கு நடந்து போகும்போதும் ஹெல்மெட்டைக் கழற்ற மாட்டார். கேட்டால், "எவன் எங்க நின்னு போட்டோ எடுக்கறானோ" என்பார். தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் மணி அடித்து ஓயும்வரை அதைக் கையில் வைத்துக்கொண்டு பாம்பைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருப்பார். பேங்க் வாசலில் நிற்கும் காவலாளிக்கும் சார், கேஸ் சிலிண்டர் போடுகிறவருக்கும் சார். "பல்லி கத்துனாக்கூட 'சரிங்க சார்'னு சொல்ற மனுசன்" என்று சலித்துக்கொள்வாள் அவர் மனைவி முனிலட்சுமி. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். ஆஞ்சப்பனுக்கு வெளிச்சத்திலும் பேய் தெரியும்.

இவ்வளவு பயந்த மனிதர் கையில் ஓர் ஊரின் தண்ணீர் வந்து சேர்ந்ததற்குக் காரணம் ஒரு சட்டம். பதினாலு வருஷத்துக்கு முன்பு, கெலமங்கலத்துக்கும் ராயக்கோட்டைக்கும் நடுவில் இருந்த காடுகழனிகளைச் சேர்த்துத் தொழில் வளர்ச்சி வட்டாரம் என்று ஒன்றை உண்டாக்கினார்கள். அதற்குத் தனிச் சட்டம், தனி ஆபீஸ், வாசலில் நீலப் பலகை. மாரனப்பள்ளியின் ஏரியும் கிணறும் கம்பெனி மதிலுக்குள் போயின. அதற்கு ஈடாக அந்தச் சட்டத்தின் பதினேழாம் பிரிவில் ஒரு வரி எழுதினார்கள். நிலம் கொடுத்த மாரனப்பள்ளிக்குத் தினமும் காலையில் முக்கால் மணி நேரம் குடிதண்ணீர் விட்ட பிறகே கம்பெனிகளுக்கு விட வேண்டும் என்று. ஒன்றேகால் ஏக்கர் தக்காளிக் காட்டைக் கொடுத்த ஆஞ்சப்பனுக்கு வால்வு திறக்கும் வேலை கிடைத்தது.

அதிலிருந்து ஊரில் அந்தத் தண்ணீருக்கே 'பதினேழு' என்று பெயராகிவிட்டது. "பதினேழு வந்துருச்சாடி?", "பதினேழுல பருப்பு நல்லா வேகுது", "உப்புத்தண்ணியில குளிச்சுட்டு, குடிக்க மட்டும் பதினேழு வெச்சுக்கோ" என்று பேசுவார்கள். சட்டசபையில் எழுதிய எண் அடுப்படி வரைக்கும் வந்து உட்கார்ந்துகொண்டது வேறெந்த ஊரிலாவது உண்டா தெரியவில்லை.

பதினேழு வந்ததோடு ஆஞ்சப்பனுக்கு ஒரு கைராசியும் வந்தது. புது வீடு கட்டினால் பால் காய்ச்சும் முன் முதல் குடம் தண்ணீரை அவர்தான் தூக்கிவர வேண்டும். போர் போடுகிறவர்கள் லாரி வந்து நின்றதும் அவரைக் கூப்பிட்டுத் தேங்காய் உடைக்கச் சொல்வார்கள். அவர் உடைத்து ஆயிரத்து இருநூறு அடி போயும் புழுதி வந்த போர்கள் உண்டு. அதற்குக் கைராசியை யாரும் குறை சொன்னதில்லை, பூமியைத்தான் சொன்னார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நடந்தது ஒன்றால்தான் அந்தப் பேர் கல்வெட்டானது.

அப்போது அவருக்கு மஞ்சள் காமாலை. நாலு நாள் படுத்துவிட்டார். வட்டார ஆபீசிலிருந்து வேறொரு ஆள் வந்து வால்வைத் திறந்தான். தண்ணீர் வரவில்லை. பிடியில் இரும்புக் குழாயைச் சொருகி மூச்சைப் பிடித்துச் சுற்றினான், அப்போதும் வரவில்லை. குழாய் அடைத்துக்கொண்டது, ரோட்டைத் தோண்ட வேண்டும் என்று எழுதிவிட்டுப் போனான். நாலு நாள் ஊர் லாரித் தண்ணீருக்கு மெயின் ரோட்டில் நின்றது. ஐந்தாம் நாள் ஆஞ்சப்பன் கஞ்சித் தெம்போடு எழுந்து வந்து சாவியைப் போட்டார். பன்னிரண்டு சுற்று. தண்ணீர் சீறியது. "கைராசின்னா இது" என்று ஊரே வாயைப் பிளந்தது. யாரோ ஒரு மாலைகூடப் போட்டார்கள். மாலை போட்ட கழுத்தோடு அவர் குனிந்து நின்ற போட்டோ ஊரார் போனிலெல்லாம் இருக்கிறது. அடக்கம் என்று எல்லோரும் நினைத்தார்கள். அது வெட்கம்.

கைராசியின் சூட்சுமம் முனிலட்சுமிக்குக்கூடத் தெரியாது. உலகத்து வால்வெல்லாம் வலப்பக்கம் சுற்றினால் மூடும், இடப்பக்கம் சுற்றினால் திறக்கும். வீட்டுக் குழாயும் அப்படித்தான். மாரனப்பள்ளி வால்வு மட்டும் தலைகீழ். வலப்பக்கம் சுற்றினால் திறக்கும், இடப்பக்கம் சுற்றினால் மூடும். எந்த நாட்டுக்கோ அனுப்புவதற்காகச் செய்து மிஞ்சிப்போன வால்வைக் காண்டிராக்டர் மலிவாக வாங்கி இங்கே புதைத்துவிட்டார். குழாய் பதித்த பிட்டர் பாலாஜி அன்றைக்கே சொன்னான்: "அண்ணா, இது எடக்குப் புடிச்ச வால்வு. வலது பக்கம் தொறக்கும். பிளான்ல ஏத்தல. நீ மனசுல வெச்சுக்கோ." சொல்லிவிட்டு அவன் துபாய்க்கு விமானம் ஏறிவிட்டான்.

ஆஞ்சப்பன் மனசில்தான் வைத்துக்கொண்டார். முதலில் சொல்லப் பயமாக இருந்தது, காண்டிராக்டரைக் காட்டிக்கொடுத்ததாகிவிடும். அப்புறம் சொல்லாமல் இருப்பதில் ஒரு பத்திரம் தெரிந்தது. "தெரிஞ்சவன் ஒருத்தன்தான்னா அவன வெளிய போன்னு சொல்ல முடியாது" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். காமாலையில் படுத்திருந்த நாலு நாளும் அவருக்குத் தெரியும், அந்த ஆள் திறப்பதாக நினைத்து இறுக்கி மூடிக்கொண்டிருக்கிறான் என்று. போனில் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால், பன்னிரண்டு வருஷமாக ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள். போர்வையை இழுத்துத் தலையோடு மூடிக்கொண்டார்.

அந்த நாலு நாளில்தான் கெம்பம்மா விழுந்தாள். மேட்டுத் தெருவின் கடைசி வீடு; குழாய் ஓரத்தில் முதலில் வந்து நின்று கடைசியில் பிடிக்கிறவள். லாரித் தண்ணீர்க் குடத்தோடு மெயின் ரோட்டுச் சரிவில் சறுக்கி மணிக்கட்டு முறிந்தது. நாட்டுக்கட்டுப் போட்டதில் எலும்பு கோணலாகச் சேர்ந்துகொண்டது. இன்றைக்கும் குடத்தை இடுப்பில் ஏற்றும்போது அந்தக் கை மட்டும் வேறு யாருடையதோ மாதிரி வளைந்து நிற்கும். "நின் கை ராசி இருந்துச்சுன்னா என் கை ஒடைஞ்சிருக்காது ஆஞ்சப்பா. அந்த நாலு நாளு நீ எழுந்திருக்கல பாரு" என்று அவள் பாராட்டாகத்தான் சொல்வாள். ஆஞ்சப்பன் சாவியின் சிவப்புத் துணியை அவிழ்த்து மறுபடி கட்டுவார்.

இப்படிப்பட்டவரிடம் வந்துதான் சட்டத்தை எடுத்துவிட்டார்கள் என்று சொன்னார்கள்.

சொன்னது மகள் ரஞ்சிதா. செல்போன் பாகம் செய்யும் கம்பெனியில் ஷிப்டு முடிந்து வந்து, சாப்பிட்டுக்கொண்டே போனில் படித்தாள். வட்டாரத்தைப் பெரிய தொழில் மண்டலம் ஒன்றோடு சேர்த்தாயிற்று, இனித் தனிச் சட்டம் வேண்டியதில்லை, வருகிற முதல் தேதியோடு அதை நீக்கி ஒரு சட்டம் போட்டிருக்கிறார்கள் என்றாள்.

"சட்டத்த எடுக்கறதுக்கும் ஒரு சட்டமா?" என்று கேட்டார் ஆஞ்சப்பன்.

"ஆமா நாய்னா. போட்டப்போ நாப்பது பக்கம். எடுக்கறதுக்கு ஒரே பக்கம்."

"அதுல பதினேழு இருக்குதா பாரு."

ரஞ்சிதா மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். பதினேழு இல்லை. ஒரு வரி இருந்தது. இந்த நீக்கம், இதற்கு முன் முறைப்படி செய்யப்பட்ட எதையும் பாதிக்காது என்று. அவர் சோற்றுக் கையோடு நிமிர்ந்து உட்கார்ந்தார். அதை மூன்று தடவை படிக்கச் சொன்னார்.

"அப்போ தண்ணி செல்லும்தான?"

"இதுவரைக்கும் தொறந்து விட்டது செல்லும் நாய்னா. இனிமே தொறக்கறதுக்குத்தான் சட்டம் இல்ல."

"சட்டம் இல்லாம தொறந்தா அதுக்கு என்னா பேரு?"

அவள் தண்ணீர் சொம்பை எடுத்துக் குடித்தாள். பிறகு, "திருட்டுன்னு எழுதுவாங்க" என்றாள்.

ஆஞ்சப்பன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பதினாலு வருஷமாக ஒரே குழியில் ஒரே சாவியைப் போட்டுச் சுற்றுகிற அதே பன்னிரண்டு சுற்று. வருகிற முதல் தேதிக்கு முந்தின நாள் வரைக்கும் அரசாங்க வேலை, முதல் தேதி காலையில் களவு. கை அதேதான், இரும்பும் அதேதான். இதை நினைக்க நினைக்க அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த வாரம் கடிதம் வந்தது. தண்ணீர் நிலையம் முதல் தேதியிலிருந்து கம்பெனிகளின் கூட்டுச் சங்கத்துக்குப் போகிறது. மாரனப்பள்ளி வால்வை மூடிய நிலையில் ஒப்படைக்க வேண்டும். ஊருக்குத் தனிக் குழாய் பற்றிப் பஞ்சாயத்து மூலம் பரிசீலிக்கப்படும். வால்வுக்காரர் ஆஞ்சப்பனை, அவர் நடத்தை திருப்தியாக இருந்தால், சங்கத்தின் பம்ப் ஹவுசில் வைத்துக்கொள்வார்கள். ரஞ்சிதா படித்து முடித்ததும் முனிலட்சுமி கேட்டாள், "ஏமய்யா, நடத்தைன்னா என்னா?" ஆஞ்சப்பனுக்கு அது நன்றாகவே தெரியும். சரிங்க சார் என்பதுதான் நடத்தை. அதில் அவரை மிஞ்ச ஓசூர் தாலுகாவில் ஆள் கிடையாது.

ஊர் கிருஷ்ணகிரிக்குப் போய்க் கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை மனுக் கொடுத்தது. மனு வாங்கியதற்குச் சீட்டு கிடைத்தது. சீட்டை மாரியம்மன் கோயில் உண்டியல் மேல் ஒட்டிவைத்தார்கள். ஆஞ்சப்பன் மனுவில் கைநாட்டோ கையெழுத்தோ போடவில்லை. வேலை பார்க்கிறவன், போடக்கூடாதாம். அவரை யாரும் வற்புறுத்தவும் இல்லை. கைராசிக்காரர் இருக்கிறார், அவர் எப்படியாவது விடுவார் என்று ஒரு பேச்சு ஊருக்குள் தானாக ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பேச்சுதான் அவரை எல்லாவற்றையும்விட அதிகமாக மிரட்டியது. டீக்கடையில் அவருக்குக் காசு வாங்க மறுத்தார்கள். கொடுத்த டீயைக் குடிக்காமல் ஆறவைத்துவிட்டு வந்தார்.

கெம்பம்மா வழியை மறித்து நேராகவே கேட்டாள். "ஏனப்பா ஆஞ்சப்பா, ஒண்ணாந் தேதி நீரு பர்த்தா, இல்வா? தண்ணி வருமா, வராதா?"

"சாரக் கேட்டுச் சொல்றேன்க்கா."

"எந்த சாரு? சட்டமே இல்லன்னா சாரு எங்கிருந்து வர்றாரு?"

அவள் கோணல் கையால் முந்தானையைச் சரிசெய்துகொண்டு நின்றாள். ரோட்டுக்கு மறுபடி இறங்கி ஏற இந்த உடம்பில் வலுவில்லை என்று சொன்னாள். அழவில்லை, சண்டைக்கும் வரவில்லை. தக்காளி விலை சொல்வது மாதிரி சொல்லிவிட்டுப் போனாள். ஆஞ்சப்பன் ஹெல்மெட்டுக்குள் வியர்த்துக்கொண்டு அங்கேயே நின்றார்.

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. ஆனால் ஆஞ்சப்பன் கடைசியில் எந்தப் பக்கம் சாய்வார் என்பதில் அவருக்கே சந்தேகம் இருக்கவில்லை. மூடிவிடுவார். மூடித்தான் தீர வேண்டும். இடப்பக்கம் பன்னிரண்டு சுற்று, பிறகு வேறு வேலை, வேறு ஷெட்டு. வீட்டுக் கொல்லையில் சாவியைக் கல்லிடுக்கில் ஊன்றி இடப்பக்கம் சுற்றுவதுபோல் இரண்டு மூன்று முறை செய்து பார்த்தார். பதினாலு வருஷமாகத் தினமும் செய்கிற காரியத்துக்கு என்ன ஒத்திகை என்று முனிலட்சுமி கேட்டாள். "தெனமும் மூடுறது மறுநா தொறக்கறதுக்குடி" என்றார்.

முதல் தேதி வியாழக்கிழமை. ஆபீசிலிருந்து பத்து மணிக்கு வருவார்கள் என்று சொல்லியிருந்தார்கள். அதற்குள் கடைசியாக ஒருமுறை விட்டுவிடலாமா, விட்டால் அது திருட்டா என்று ஆஞ்சப்பன் குழியைச் சுற்றி ஐந்தாறு நடை நடந்தார். மேட்டில் குடங்கள் உருளுகிற சத்தம் கேட்டது. ஐந்தேகால் ஆனதும் கை தன்பாட்டுக்குச் சாவியை இறக்கியது. ஒகட்டி, ரெண்டு என்று பன்னிரண்டு வரை எண்ணி நிறுத்தினார். வால்வு சீறத் தொடங்கியது.

ஐந்தே நாற்பதுக்கு ஜீப் வந்து நின்றது. பத்து மணிக்கு வந்தால் பெண்கள் குடத்தோடு திரண்டிருப்பார்கள் என்று பயந்து விடியலிலேயே வந்துவிட்டார் பொறியாளர் நல்லுசாமி. மதுரைப் பக்கத்துக்காரர், மாற்றலாகி வந்து ஆறு மாசம்கூட ஆகவில்லை. கூடவே ஒரு போலீஸ்காரர், பூட்டு, அரக்கு, மெழுகுவத்தி. போலீஸ்காரரைக் கண்டதும் ஆஞ்சப்பன் அவருக்கும் சேர்த்து ஒரு கும்பிடு போட்டார்.

"என்னய்யா, ஓடிக்கிட்டு இருக்கா?" என்றார் நல்லுசாமி, குழியிலிருந்து வந்த சீறலைக் கேட்டு. "இன்னைக்கும் தெறந்துட்டியா?"

"சார், அது... கைப்பழக்கத்துல..."

"சரி சரி, சட்டுனு மூடு. ஊரு முழிக்கிறதுக்குள்ள சீல் வச்சுட்டுப் போயிரணும். இந்த லயன்ல பிரஷர் பாக்க மீட்டர் எதுவும் இருக்கா?"

"செத்துப் போச்சுங்க சார். ரெண்டு வருஷமாச்சு. எழுதிக் குடுத்திருக்கேன்."

"ம். மூடு."

ஆஞ்சப்பன் கைப்பிடியைப் பற்றினார். ஒத்திகை பார்த்த கை. இடப்பக்கம் கொடுத்தார், பிடி கால் சுற்று நகர்ந்தது.

"யோவ்!" என்று கத்திவிட்டார் நல்லுசாமி. "எந்தப் பக்கம்யா சுத்துற? இன்னும் தெறந்துவிடப் பாக்கிறியா? வலது பக்கம் சுத்து. வலதுதானய்யா மூடுறது! எனக்கே படம் காட்டுறியா?" போலீஸ்காரர் ஓரடி முன்னால் வந்தார்.

ஆஞ்சப்பன் நிமிர்ந்தார். சார், இது எடக்கு வால்வு. நாலே வார்த்தை. பதினாலு வருஷமாக அவர் தொண்டைக்குள் உட்கார்ந்திருந்த நாலு வார்த்தை. இப்போது சொன்னால் நல்ல நடத்தை, பம்ப் ஹவுஸ், எல்லாம் உண்டு. வாயைத் திறந்தார். மேட்டுத் தெருவில் யாரோ யாரையோ கன்னடத்தில் ஏசுவது காற்றில் வந்தது. கெம்பம்மாவின் குரலா இல்லையா என்று சரியாகத் தெரியவில்லை.

"சரிங்க சார்" என்றார்.

முதலில் அந்தக் கால் சுற்றைத் திரும்ப எடுத்தார். பிறகு வலப்பக்கம் சுற்றத் தொடங்கினார். "பன்னெண்டு..." என்று வாய் எண்ணியது. "பதகொண்டு... பதி... தொம்மிதி..." மூடுகிற எண்ணிக்கையை வாய் ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டே வர, மண்ணுக்குள் வால்வு பதின்மூன்று, பதினாலு, பதினைந்து என்று திறந்துகொண்டே போனது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. தொட்டி இறங்கும். கம்பெனியிலிருந்து கேட்பார்கள். இன்றைக்கே கேட்பார்களோ, பத்து நாள் கழித்துக் கேட்பார்களோ. கேட்கிற அன்றைக்கு இந்தக் குழியைத்தான் முதலில் திறப்பார்கள். அவருக்கு எல்லாம் தெரியும். கை நிற்கவில்லை, குரல் மட்டும் ஒவ்வொரு எண்ணுக்கும் மெலிந்துகொண்டே வந்தது. "ரெண்டு... ஒகட்டி." பிடி கடைசியில் போய் இடித்து நின்றது. அதற்குமேல் இம்மியும் நகரவில்லை.

குழிக்குள் சீறல் அடங்கிப்போயிருந்தது. நல்லுசாமி குனிந்து, காதுக்குப் பின்னால் கையை வைத்துக் கேட்டார். "நின்னுருச்சு" என்றார். இரும்பு மூடியை இழுத்துப் போட்டுப் பூட்டினார்கள். பூட்டுத் துவாரத்தில் அரக்கை உருக்கி முத்திரை குத்தினார்கள். முடிந்ததும் நல்லுசாமி மேட்டுப் பாதையையே பார்த்துக்கொண்டு நின்றார். குழாய் நின்றால் குடத்தோடு பெண்கள் ஓடிவருவார்கள் என்று ஜீப்பின் கதவைத் திறந்தே வைத்திருந்தார். ஐந்து நிமிஷம் ஆனது, பத்து நிமிஷம் ஆனது. ஒருத்தியும் வரவில்லை.

"நல்ல சனம்யா" என்றார் நல்லுசாமி, நெற்றியைத் துடைத்துக்கொண்டு. "ஒரு சத்தம் இல்லயே. சாவியக் குடு."

ஆஞ்சப்பன் சிவப்புத் துணியை அவிழ்த்து மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். சாவியை இரண்டு கையிலும் ஏந்திக் கொடுத்தார். போலீஸ்காரர் வாங்கி ஜீப்புக்குள் போட்டார். ஜீப் திரும்பி மெயின் ரோட்டில் ஏறிவிட்டது. நீட்டிய கை இரண்டும் நீட்டினபடியே நின்றன. அவற்றை மடக்கிக் கீழே இறக்க அவருக்கு வரவில்லை.